பெரிய இன்ஜின் கொண்ட பழைய பைக்குக்கு மாறலாமா: முடிவெடுக்கும் முறை

125 அல்லது 150 சிசி வண்டியை ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டியவர்களில் பலருக்கு, அடுத்த வண்டி இதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியும் வந்துவிடுகிறது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத கேடிஎம் 390 டியூக்கோ பஜாஜ் டோமினார் 400-ஓ, சில ஆண்டுகள் ஓடிய நிலையில், ஒரு புதிய 150 சிசி வண்டியின் ஆன்ரோடு விலைக்கு அருகிலேயே விற்பனைக்கு வருவதைப் பார்த்தவுடன் அந்த எண்ணம் உறுதிப்பட்டு, அட்வான்ஸ் கொடுப்பது வரை போய்விடுவதும் உண்டு. அந்த அட்வான்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியதே இந்தக் கட்டுரை. வாங்கும் விலையைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் மாறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு மூன்று: இப்போதைய வண்டியில் உண்மையிலேயே குறைவது திறன்தானா, கூடுதல் திறன் நீங்கள் ஓட்டும் சாலையில் எங்கே பயன்படும், அந்த வண்டியை ஆண்டுதோறும் வைத்துப் பராமரிக்க உங்களால் முடியுமா. கண்ணில் பட்ட வண்டி நல்ல வண்டியா என்று பார்ப்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் இருக்கும் வண்டியைச் சரிசெய்யுங்கள்

"வண்டியில் பிக்கப் இல்லை" என்று சொல்பவர்களில் கணிசமானோரின் வண்டியில், கம்பெனி கொடுத்த திறனே முழுமையாகப் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். செயின் நீண்டு தளர்ந்திருக்கும். ஏர் ஃபில்டரைப் பல சர்வீஸ்களாக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். பின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் மெதுவாகவே கூடினால் கிளட்ச் நழுவுகிறது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கூடச் சுற்றாமல் நின்றுவிட்டால் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் போய்விட்டது.

செயின் ஸ்பிராக்கெட் செட், கிளட்ச் பிளேட், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் ஆகியவற்றை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்க, ஒரு 150 சிசி வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அதைச் செய்துவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். குறை போய்விட்டால் செலவு அதோடு முடிந்தது. போகவில்லை என்றாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் நல்ல நிலையில் உள்ள வண்டிதான் விற்கும்போது விரைவாகக் கைமாறும்.

வேறு சிலருக்குக் குறையாகத் தெரிவது திறன்கூட இல்லை, பிரேக்தான். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளுக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முன் வாங்கிய வண்டியை வைத்திருப்பவர் மழையில் ஒருமுறை முன்சக்கரம் வழுக்கிய அச்சத்தில்தான் "நல்ல வண்டி" தேடுகிறார் என்றால், அவருக்குத் தேவைப்படுவது ஏபிஎஸ் உள்ள, நல்ல டயர் போட்ட, அதே வகுப்பு வண்டி. 390 டியூக்கின் 43 குதிரைத்திறன் அந்தப் பிரச்சினையைத் தீர்க்காது, பெரிதாக்கும்.

கூடுதல் திறன் எங்கே உதவுகிறது

நகரத்துக்குள் 40 கி.மீ. வேகத்தில் எந்த வண்டியும் போதும். திறனுக்கு உண்மையான வேலை வருவது இருவழிச் சாலையில் ஒரு பேருந்தைக் கடக்கும்போதுதான். 70 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்தை, சுமையோடு உள்ள 150 சிசி வண்டி 85 கி.மீ. வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்தின் நீளம் 12 மீட்டர், முன்னும் பின்னும் 15 மீட்டர் இடைவெளி என்றால் கடக்க வேண்டிய தூரம் 42 மீட்டர். வேக வித்தியாசம் 15 கி.மீ. மட்டுமே என்பதால் இதற்குப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியில் உங்கள் வண்டி ஏறத்தாழ 240 மீட்டர் போயிருக்கும். எதிரே 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே நேரத்தில் 220 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, முன்னால் 460 மீட்டர் வெற்றுச் சாலை இருந்தால்தான் அந்த முந்தல் பத்திரமானது. 100 கி.மீ. வரை சிரமமின்றி வேகமெடுக்கும் வண்டி அதே பேருந்தை ஐந்து விநாடியில் கடந்துவிடும்; அதற்கு 250 மீட்டர் போதும். வேகம் கூடினால் தவறு நேரும்போது அடியும் பலமாக விழும் என்பதும் இந்தக் கணக்கின் மறுபக்கம்தான்; ஆனாலும் எதிர்த்திசையில் செலவிடும் நேரம் பாதியாகிறது என்பதைப் புறக்கணிக்க முடியாது.

ஆகவே கடந்த ஓராண்டில் நீங்கள் ஓட்டியதைச் சற்று நினைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது இருவழி நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகிறீர்களா, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு, வால்பாறை மாதிரியான மலைப்பாதைகளில் ஏறுகிறீர்களா, அல்லது தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வருகிறீர்களா? மூன்றாவது வகையினருக்குப் பெரிய இன்ஜின் தருவது பெரும்பாலும் சூடும் பெட்ரோல் செலவும்தான். ஆசைக்காக வாங்குவது தவறில்லை. ஆசைக்காகத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் பட்ஜெட்டும் அதற்கேற்றபடி இருக்கும்.

சிசியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெரிய இன்ஜின் என்றாலே வேகமான வண்டி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. பல்சர் 150 ஏறத்தாழ 14 குதிரைத்திறன் தருகிறது, எடை 148 கிலோ அளவில் இருக்கும். 2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் புதிய கிளாசிக் 350-இன் திறன் 20, எடை 195 கிலோ. 373 சிசி கொண்ட 390 டியூக்கின் திறன் 43, எடை சுமார் 170 கிலோ. ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் சேர்ந்து 130 கிலோ என்று கொண்டு, மொத்த எடையில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்று கணக்கிட்டால், பல்சருக்கு 5, கிளாசிக்கிற்கு 6-க்குச் சற்று மேல், டியூக்கிற்கு 14 என்று வரும். 150-இலிருந்து 350-க்கு மாறியவர் "இன்னும் ஓடும் என்று நினைத்தேனே" என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் இந்த 5-க்கும் 6-க்கும் உள்ள சிறிய இடைவெளி.

ஆனால் கிளாசிக்கில் கிடைக்கும் மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர். பல்சரைப் போல இரு மடங்கு. அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. கியரை இறக்காமல் மேம்பாலம் ஏறுவது, இருவரோடும் பையோடும் சலிப்பில்லாமல் 75, 80 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் போவது ஆகியவைதான் உங்கள் தேவை என்றால் அது பொருத்தமான வண்டி. 390 டியூக்கின் 37 நியூட்டன் மீட்டர் 7,000 சுற்றில் வருகிறது. கீழே அது தடுமாறும், ஊருக்குள் அடிக்கடி கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு 350-களிலேயே முன்பு விற்ற 346 சிசி இன்ஜினுக்கும், மீட்டியோரில் தொடங்கிய 349 சிசி இன்ஜினுக்கும் திறனில் பெரிய வித்தியாசமில்லை. பின்னதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் உண்டு. முன்னதில் 80-ஐத் தாண்டினால் கைப்பிடியிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு நன்றாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் சற்று அதிக விலை கொடுத்துப் புதிய இன்ஜின் வண்டியைத் தேடுவேன்.

எவ்வளவு தூரம் தாவலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு, இப்போதைய திறனைப் போல இரு மடங்குக்கு மேல் ஒரே அடியில் போக வேண்டாம் என்பது. 14-இலிருந்து 43-க்குப் போவது மூன்று மடங்கு. 150 சிசி வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்தே ஓட்டிப் பழகிய கை, மணல் கிடக்கும் வளைவில் அதே பழக்கத்தைக் காட்டினால் பின்சக்கரம் விலகும். இடையில் நல்ல வண்டிகள் இருக்கின்றன: 200 டியூக், பல்சர் என்எஸ் 200, டோமினார் 250, ஜிக்ஸர் 250 ஆகியவை 24 முதல் 27 குதிரைத்திறன் வரை தருபவை. பழைய வண்டிச் சந்தையில் இவற்றை யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. விலை நியாயமாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். எந்த வண்டிக்கு மாறினாலும், பின் பிரேக்கை மட்டும் மிதித்தே நிறுத்தும் பழக்கம் இருந்தால், ஒரு காலி மைதானத்தில் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்துவதைப் பழகிக்கொண்ட பிறகே நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

ஆண்டுச் செலவு

பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்றும், ஓட்டம் மாதம் 1,000 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் வண்டிக்கு மாதம் 2,200 ரூபாய் ஆகும். 35 தரும் 350-க்கு 2,850. 26 தரும் 400 வகுப்பு வண்டிக்கு 3,850. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19,500 ரூபாய் பெட்ரோலுக்கே கூடுகிறது. இரண்டாவதோடு நின்றால் 7,600.

காப்பீட்டில் 350 சிசி ஒரு முக்கியமான எல்லை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804, ஜிஎஸ்டி தனி. 349 சிசி கிளாசிக்கும் 373 சிசி டியூக்கும் சிசி அளவில் அருகருகே இருந்தாலும் இந்தக் கட்டணம் இரு மடங்காகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வரியும் இதே எல்லையில் பிரிகிறது: 350 வரையுள்ள புதிய வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு, முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆனது. பழைய வண்டிக்கு விலை பேசும்போது இது உங்கள் கையில் இருக்க வேண்டிய தகவல். பழைய 350-ஐ விற்பவர், தான் வாங்கிய காலத்து ஷோரூம் விலையை வைத்துக் கணக்குச் சொன்னால், இன்றைய புது வண்டி விலையிலிருந்து தொடங்கும்படி அவரிடம் கேளுங்கள். அவர் கேட்கும் விலைக்கும் புது வண்டி விலைக்கும் வித்தியாசம் முப்பது நாற்பதாயிரத்துக்குள் வந்துவிட்டால் பழையதை விட்டுவிட்டுப் புதியதையே யோசிக்கலாம்.

டயரும் சேர்க்கப்பட வேண்டிய செலவுதான். 390 வகுப்பின் அகலமான ரேடியல் பின்டயர், 150 சிசி வண்டியின் டயரைவிட விலையும் அதிகம், ஓடும் தூரமும் குறைவு. ஸ்போக் சக்கரம் உள்ள பழைய கிளாசிக்கிலும் முதல் சில ஆண்டுகளின் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இலும் டயருக்குள் டியூப் இருக்கிறது. இரவில் திண்டிவனத்துக்கு அப்பால் பின்சக்கரம் பஞ்சரானால், சக்கரத்தைக் கழற்றக்கூடிய ஆள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். சர்வீஸ், டயர், செயின் செட் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்க முடியாதென்றால், வண்டியின் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது உங்களுக்கு மலிவில்லை.

வீட்டு வாசலும் பின்னிருக்கையும்

எடைப் பட்டியலில் 195 கிலோ என்று படிப்பதற்கும், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து அந்த வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பார்க்கப் போகும் வண்டியை இன்ஜின் போடாமல், உட்கார்ந்தபடியே லேசான ஏற்றத்தில் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் ஊன்ற வேண்டும். கிளாசிக், இன்டர்செப்டர் இரண்டின் இருக்கை உயரமும் ஏறத்தாழ 805 மில்லிமீட்டர்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வேகமான வண்டிகளின் பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். சேலை கட்டிய அம்மாவையோ மனைவியையோ அதில் ஒரு பக்கமாக உட்கார வைத்துக் கூட்டிப்போவது நடக்காத காரியம். பிடிமானக் கம்பி, கால் வைக்கும் கட்டை, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருக்க வேண்டியவை. பல பழைய வண்டிகளில் அழகுக்காக இவற்றைக் கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள் அல்லது விலையில் கழியுங்கள். வீட்டில் ஒரே வண்டிதான் என்றால், பின்னிருக்கையை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

வண்டியைப் பார்க்கும்போது

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜினுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் குளிர்ந்த நிலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை அவர் உங்களிடம் காட்ட விரும்பவில்லை என்றே கொள்ளலாம். இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வாட்டர் கூலிங் வண்டியில், இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியை நின்றபடியே ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டியிருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலிலும் டிராஃபிக்கிலும் அந்த ஃபேன்தான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கும் இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணையும். ஏபிஎஸ் விளக்கு வண்டி சற்று நகர்ந்த பிறகு அணையும். அணையாமலே எரிந்தால் கோளாறு என்று எல்லாருக்கும் தெரியும். சாவியைத் திருப்பும்போது எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், ஏனென்றால் கோளாறு தெரியாமலிருக்க விளக்கையே யாரோ துண்டித்திருக்க வாய்ப்புண்டு. 346 சிசி இன்ஜின் கொண்ட பழைய என்ஃபீல்டில், செல்ஃப் பட்டனை அழுத்தும்போது மோட்டார் சுற்றும் ஓசை மட்டும் கேட்டு இன்ஜின் சுழலாமல் நழுவினாலோ, கடகடவென்று உலோகச் சத்தம் வந்தாலோ, செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பலவீனமான பேட்டரியோடு செல்ஃப் அடித்தே ஓட்டிய வண்டிகளில் இது வழக்கம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைத் திறக்கும் வேலை.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்கப் பெயின்ட்டைப் பார்த்துப் பயனில்லை, பெயின்ட் மாற்றிவிடலாம். ஹேண்டில்பாரின் நுனி, கிளட்ச் பிரேக் லீவர்களின் முனை, கால் வைக்கும் கட்டையின் ஓரம், சைலன்சரின் வெளிப்பக்கம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே பக்கத்தில் கீறல் இருந்தால் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. நின்ற இடத்தில் சாய்ந்ததற்கும் ஓடும்போது விழுந்ததற்கும் வித்தியாசம் காண, ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பும்போது சேசிஸில் முட்டி நிற்கும் சிறு இரும்புத் தடுப்பைப் பாருங்கள். அது நசுங்கியோ, பெயின்ட் உதிர்ந்து வளைந்தோ இருந்தால் முன்பக்கத்தில் பலமான அடி விழுந்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் தடங்கல் தெரிந்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி, பளபளக்கும் குழாயை விரலால் துடையுங்கள். விரலில் ஆயில் ஒட்டினால் சீல் கசிகிறது. பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுக்கும்போது பல்லில் பாதி தெரிந்தாலும், பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தாலும் புது செட்டுக்கான தொகையை விலையில் கழித்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளக்க முடியாவிட்டால், டிஸ்க்கின் மேல் விரலை ஓட்டும்போது ஓரத்தில் எழும்பிய விளிம்பு தட்டுப்படுகிறதா என்பதே தேய்மானத்துக்குப் போதுமான அடையாளம்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் படிக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3221 என்றால் 2021-இன் 32-ஆவது வாரம். 2019 வண்டி 9,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று மீட்டர் காட்டும்போது பின்டயர் 2021-இல் தயாரானதாக இருந்தால், அவ்வளவு சீக்கிரம் ஏன் டயர் மாற்ற நேர்ந்தது என்று கேட்க வேண்டும். கைப்பிடி ரப்பரும் கியர் லீவரின் ரப்பரும் மொழுமொழுவென்று தேய்ந்திருப்பதும் அதே கேள்வியை எழுப்பும். சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் அவற்றில் எழுதிய கிலோமீட்டர் ஏறுவரிசையில் வருகிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நன்றாக முறுக்கி, கியர் தானாக வெளியே வந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஹேண்டிலை இறுக்காமல் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சைலன்சர் மாற்றிய வண்டியாக இருந்தால் ஒரிஜினல் சைலன்சரையும் கேட்டு வாங்குங்கள். அந்த வகை வண்டியைத் தினமும் திறந்து மூடும் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவதில் கஞ்சத்தனம் வேண்டாம். விற்பவர் பரிந்துரைக்கும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

ஆவணங்களும் பழைய வண்டியும்

சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிட்டு, பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ உரிமையாளர் வரிசை, காப்பீட்டுத் தேதி, கடன் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். இ-சலான் பாக்கியையும் தனியே தேடுங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், படிவம் 35-உம் அந்தக் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு எண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைத்தால், படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு ஆகிய மூன்றின் செலவையும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநில எண்ணோடு இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை.

காப்பீட்டில் ஒரு சின்ன வலை இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதிய பைக்குகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. விற்பவர் "இன்சூரன்ஸ் இன்னும் இருக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி முதல் ஆண்டோடு முடிந்திருக்கலாம். விலை உயர்ந்த பாகங்கள் கொண்ட பெரிய வண்டிக்கு அந்தப் பகுதி இல்லாமல் ஓட்டுவது துணிச்சல். உங்கள் பழைய வண்டியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்குரியது, வண்டிக்குரியது அல்ல. காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கிக்கொண்டு புதிதாக வாங்கும் வண்டியின் பாலிசியில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விற்பவரின் போனஸ் உங்களுக்கு வராது.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அலைச்சல் மிச்சம், நேரடியாக விற்றால் கையில் கூடுதல் பணம். எப்படிக் கொடுத்தாலும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியை அனுப்பிவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் கொடுக்கும்போது அவரிடம் ஒப்படைத்த தகவலைப் படிவம் 29சி வழியாக ஆன்லைனில் பதிவு செய்யலாம். அதன் பிறகு பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லாதவர் என்றால், பெயர் மாறிய ஆர்சியின் நகல் வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கும் வழியும் உங்களுக்கு இல்லை, ஏனென்றால் பணம் கொடுப்பவர் அவர். எனவே வாங்குபவரோடு நீங்களே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் ஏற்கப்பட்ட ரசீதை வாங்கிக்கொள்வது நல்லது.

முடிந்தால் இரண்டு வண்டிகளையும் ஒரு மாதம் சேர்த்து வைத்திருங்கள். பெரிய வண்டி வந்த முதல் வாரத்தில் யாரும் பழையதைத் தொட மாட்டார்கள். நான்காவது வாரத்தில், பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் எந்தச் சாவியை எடுக்கிறீர்கள் என்று பார்த்த பிறகு, பழையதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.